எதைப் பொறுப்பது, எதைக் கேட்பது?
(அடி அண்ணாமலையில் நடந்த கூட்டமைப்புக் கூட்டத்தில் ஓர் ஊக்குநர் பேசியது)



"என்ன பண்றது, எல்லாம் தலையெழுத்து" என்று ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்கிறோம்? மழை பெய்யாவிட்டாலும் அதையே சொல்கிறோம். வீட்டுக்காரர் குடித்துவிட்டு வந்து அடித்தாலும் அதையே சொல்கிறோம். இரண்டும் ஒன்றா? யோசிச்சுப் பாருங்க.

சுமார் 1,900 வருடங்களுக்கு முன்னால் ரோமாபுரி ஆட்சியில் எபிக்டெட்டஸ் என்று ஒருவர் இருந்தார். அடிமையாக இருந்து விடுதலை அடைந்தவர். கால் ஊனம். அவர் சொன்னது இதுதான்: சில காரியம் நம் கையில் இருக்கிறது, சிலது இல்லை. நம் நினைப்பும் முயற்சியும் நம் கையில். நோயும் சாவும் ஊர்ப்பேச்சும் நம் கையில் இல்லை. கையில் இல்லாததை நினைத்து மனசை நோகவிடாதே. இதற்கு ஸ்டோயிக் தத்துவம் என்று பெயர். மார்க்கஸ் அரேலியஸ் என்ற ரோமச் சக்கரவர்த்தியும் இந்த வழியில் நடந்தவர்.

கிரிவலப் பாதையில் குடியிருக்கிற நமக்கு இது புதுசு இல்லை. 1924 ஜூன் மாதம் ஒரு ராத்திரி ரமணாசிரமத்தில் திருடர்கள் புகுந்தார்கள். ரமணருக்குத் தொடையில் அடி விழுந்தது. திருப்பி அடிக்கப் போன சீடர்களை அவர் தடுத்துவிட்டார். ஆனால் உதவி கேட்டு ஒருவர் ஊருக்குள் போனார், போலீசும் வந்தது. பதறாமல் இருப்பது வேறு, உதவி கேட்காமல் இருப்பது வேறு.

என் கதையைச் சொல்றேன். ஒரு வருஷம் மல்லாட்டை போட்டோம். காய் பிடிக்கிற நேரத்தில் மழை இல்லை, கொடிதான் மிஞ்சியது. வெளியில் வாங்கின கடனுக்குத் தவணை கட்ட முடியவில்லை. வசூலுக்கு வந்தவர் ராத்திரி எட்டு மணிக்குத் திண்ணையில் உட்கார்ந்து, என் பொண்ணு காதில் விழுகிற மாதிரி கேவலமாகப் பேசினார். தலையெழுத்து என்று மூன்று வாரம் வாயைத் திறக்கவில்லை. பிறகு குழுவில் சொன்னேன். அடுத்த தவணைக்குப் பன்னிரண்டு பேரும் வந்து திண்ணையில் உட்கார்ந்துவிட்டார்கள். "பகல்ல வாங்க, மரியாதையா பேசுங்க" என்றார்கள். அதற்கப்புறம் அவர் ராத்திரியில் வரவில்லை. கடனையும் பாக்கி இல்லாமல் கட்டி முடித்தேன்.

மழைக்காக நெஞ்சில் அடித்துக்கொள்ளாமல் இருந்தது சரி. அந்தப் பேச்சைப் பொறுத்துக்கொண்டது தப்பு. தனியாக இருந்தபோது என் கையில் இல்லாதது, பன்னிரண்டு பேர் சேர்ந்தபோது கைக்கு வந்தது. எபிக்டெட்டஸ் சொன்னது ஒருத்தர் கை. குழு என்றால் இருபத்துநாலு கை!

இப்போது விதியே இருக்கிறது. 2022-ல் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த நுண்கடன் விதிப்படி, வசூலுக்காகக் காலை 9 மணிக்கு முன்போ மாலை 6 மணிக்குப் பின்போ போன் போடக் கூடாது. மிரட்டவும் கூடாது. வீட்டில் அடி உதை என்றால் 2005-ம் வருடத்துக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. 181-க்குப் போன் செய்யலாம்.

திருக்குறளில் 'ஆள்வினை உடைமை' 62-வது அதிகாரம், 'இடுக்கண் அழியாமை' 63-வது. முயற்சி முன்னால், கலங்காத மனசு அதை ஒட்டிப் பின்னால். இரண்டும் சேர்ந்தே இருக்கட்டும்.

கடைசியாக ஒன்று. அடிபட்டு அழுதுகொண்டு வருகிறவளிடம் "பொறுத்துக்கோம்மா" என்று சொல்லாதீர்கள். பொறுமை என்பது நமக்கு நாமே எடுத்துக்கொள்கிற மருந்து, அடுத்தவள் வாயில் ஊற்றுவது இல்லை. அவளை உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, "நாங்க என்ன செய்யணும்?" என்று கேளுங்கள்.