கனி கொய்யும் காலம்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



மா, பலா, வாழை என்னும் முக்கனியைப் போற்றும் மரபில் வந்தவர் நாம். நாம் குடியேறி வாழும் கேரளமோ 2018ஆம் ஆண்டில் பலாவையே தன் மாநிலக் கனியாக அறிவித்தது. இங்கு மரம் வளர்த்தல் அரிதன்று. பாதிப் பணியை மழையே செய்துவிடும். கனியை எந்நாளிற் கொய்வது என்பதிலேதான் நம்மவர் பலர் இடர்ப்படுகின்றனர். ஆகவே அது குறித்துச் சில சொல்ல விழைகின்றேன்.

கனிகள் இருவகைப்படும். மா, பலா, வாழை, பப்பாளி, சப்போட்டா ஆகியவை கொய்தபின்னும் பழுப்பன. முற்றிய காயாகப் பறித்து வைத்தால், எத்திலீன் என்னும் வாயுவைத் தாமே தோற்றுவித்துக் கனிந்துவிடும். ரம்புட்டான், அன்னாசி ஆகியவை அவ்வாறல்ல. பறித்த அன்றிருந்த இனிப்பே இனிப்பு.

காய் முற்றியதை அறிவது எங்ஙனம்? மாங்காயின் காம்படித் தோள்கள் புடைத்திருக்கும். நீரிலிட்டால் முற்றிய காய் பெரும்பாலும் அமிழும், இளங்காய் மிதக்கும். பலாவின் முட்கள் அகன்று மழுங்கும். தட்டினால் மந்தமான ஓசை எழும். வாழைக்காயின் விளிம்புகள் மறைந்து காய் உருண்டு திரளும். பப்பாளியில் மஞ்சட் கீற்றொன்று தோன்றினாற் போதும். ரம்புட்டானையோ முழு நிறம் ஏறும்வரை மரத்திலேயே விட்டு, கொத்தோடு கத்தரித்தல் வேண்டும்.

மாங்காயைக் கல்லெறிந்தோ கழியால் அடித்தோ வீழ்த்தலாகாது. துறட்டிக்கோலில் வலைப்பை கட்டி, சிறிது காம்போடு பறித்து, பால் வடியக் கவிழ்த்து வைக்க வேண்டும். பால் பட்ட தோல் கருகும். பின்னர் வைக்கோலில் அடுக்கி, பழுத்த வாழைப்பழம் இரண்டை உடன் வைத்து மூடினால், பழத்தினின்று எழும் எத்திலீனே காயைக் கனியச் செய்யும். வணிகர் சிலர் இதற்குக் கையாளும் கார்பைடு கல் நம் நாட்டு உணவுச் சட்டத்தால் தடைசெய்யப்பட்டது. அதில் ஆர்செனிக் முதலிய நஞ்சுகள் கலந்திருத்தல் கூடும்.

நிற்க. அணில் கடித்த பழமே இனிப்பு மிக்கது என்று நம் ஊர்ச் சிறுவர் தேடியுண்பது வழக்கம். அவ்வழக்கத்தை நாம் அறவே விட்டொழித்தல் வேண்டும். 2018இல் கோழிக்கோட்டுப் பகுதியில் நிப்பா நோய் பல உயிர்களைக் கொள்ளைகொண்டது. 2019இல் நம் எர்ணாகுளம் மாவட்டத்திலேயே இளைஞர் ஒருவரை அது பற்றியது. நற்பேறாக அவர் பிழைத்தார். அந்நோயின் நச்சுயிரி பழந்தின்னி வௌவால்களிடம் உறைவது. கடித்தது அணிலா, வௌவாலா என்பதைப் பழத்தின் வடுவைக் கொண்டு நாம் துணிந்து கூறவியலாது. ஆதலின் கடிபட்ட பழம் எதனையும் குழந்தைகட்குத் தரற்க. வடுவற்ற பழத்தையும் நன்கு கழுவித் தோலுரித்தே தருக.

காலமறிந்து கொய்வதன் பயன் இங்கே விளங்கும். மாவும் சப்போட்டாவும் முற்றியவுடன் வீட்டிற்குள் வந்துவிட்டால், வௌவாலுக்கு மரத்திற் கனி கிட்டாது. மரத்திலேயே பழுக்க வேண்டிய ரம்புட்டானுக்கோ, நிறம் ஏறத் தொடங்குமுன்னரே வலையிட்டு மூடுதல் வேண்டும்.

வாடகை வீட்டில் மரம் நடுவானேன் எனச் சிலர் வினவுவர். பப்பாளியும் வாழையும் ஏறத்தாழ ஓராண்டிற் பயன் தருவன. அடுத்த ஆண்டு விழாவிற்குள் நம் இல்லந்தோறும் இவற்றுள் ஒன்றேனும் தழைக்கட்டும் என வேண்டி அமைகின்றேன்.