ஓடும் உயிரும்

சித்திரங்களை வரிசையாக வரைந்து, அவற்றுக்கு அசைவூட்டி எடுக்கும் படத்தை யப்பானியர் 'அனிமே' என்பர். ஆங்கிலச் சொல்லொன்றைக் கடன்வாங்கித் தம் நாவுக்கேற்பக் குறுக்கிக்கொண்ட பெயர் அது. அத்தகைய படங்களையும் அவற்றுக்கு மூலமாய் நின்ற சித்திரக் கதைகளையும் ஹொலிவூட் நிறுவனங்கள் விலைகொடுத்து வாங்கி, நடிகர்களைக் கொண்டு மீண்டும் படமாக்க முற்பட்டு நெடுங்காலமாயிற்று. விளைவோ பெரும்பாலும் மகிழ்ச்சி தருவதாயில்லை. 2008இல் வந்த 'ஸ்பீட் றேசர்' ஏறக்குறைய 12 கோடி டொலர் செலவில் உருவாகி, அத்தொகையைத் தானும் ஈட்டாது போயிற்று. அடுத்த ஆண்டில் 'ட்ராகன்போல்' கதை படமாயிற்று. மூலக் கதையை வரைந்த அகிரா டொரியாமா, தாம் கூறிய திருத்தங்களைப் படக்குழுவினர் செவிமடுக்கவில்லை என 2013இல் வெளிப்படையாகவே வருந்தினார். திரைக்கதை எழுதியவர் 2016இல் இரசிகரிடம் மன்னிப்புக் கேட்டார். அப்படத்தைப் பற்றி அதற்குமேற் பேச ஒன்றுமில்லை.

இத்தோல்விகளுக்குக் காரணம் யாது? யப்பானியக் கதை மேலைநாட்டாருக்கு ஒவ்வாது என்பர் சிலர். அக்கூற்றுக்கு வரலாறு இடங்கொடாது. 1954இல் அகிரா குரோசாவா 'ஏழு சாமுறாய்' என்னும் படத்தை எடுத்தார். கொள்ளையரிடமிருந்து தம்மைக் காக்குமாறு ஏழை உழவர்கள் போர்வீரர் எழுவரை அமர்த்திக்கொள்ளும் கதை. 1960இல் ஹொலிவூட் அதனை 'மக்னிஃபிசென்ற் செவன்' எனப் புதிதாக எடுத்தது. வாள் துப்பாக்கியாயிற்று, யப்பானியச் சிற்றூர் மெக்சிக்கோவின் சிற்றூராயிற்று, பெயரும் உடையும் நிலமும் வானமும் மாறின. ஆனால் கதையின் உள்ளீடு மாறவில்லை. போர் முடிந்தபின் வென்றவர் யார் என்று எண்ணிப் பார்க்கையில், நிலத்தில் வேரூன்றிய உழவரே வென்றனர், ஊர்ஊராய்த் திரியும் வீரர் தோற்றனர் என்னும் கசப்பான முடிவு இரு படங்களிலும் ஒன்றே. அக்காலத்து ஹொலிவூட் ஓட்டைக் கழற்றி வைத்துவிட்டு உயிரை எடுத்துச் சென்றது. இக்காலத்து ஹொலிவூட் பெரும்பாலும் ஓட்டை மிகப் பத்திரமாக எடுத்துக்கொண்டு உயிரை விட்டுவிடுகிறது என்பதே என் கருத்து. இதற்கு ஒரு படத்தைச் சற்று விரிவாக எடுத்துக்கொள்வோம்.

'கோஸ்ற் இன் த ஷெல்' என்பது அதன் பெயர். ஓட்டினுள் உறையும் ஆவி எனப் பொருள்கொள்ளலாம். மசமுனே ஷிரோ 1989இல் வரையத் தொடங்கிய சித்திரக் கதையை, மமொரு ஒஷீ 1995இல் அனிமே ஆக்கினார். ஒன்றரை மணிக்கும் குறைந்த நேரமே ஓடும் படம். வருங்கால நகரொன்றிலே மோட்டோக்கோ குசனாகி என்னும் பெண் அதிகாரி பணியாற்றுகிறாள். அவளுடைய உடல் முழுவதும் இயந்திரம். மூளையின் ஒரு பகுதி மாத்திரமே மனித உடலின் எச்சம். தன்னைத் தான் என்று சொல்ல இதுவே போதுமா என்னும் ஐயம் அவளை அலைக்கழிக்கிறது.

அப்படத்திலே குப்பை வண்டித் தொழிலாளி ஒருவன் வருகிறான். தன்னைப் பிரிந்து வாழும் மனைவியையும் மகளையும் எண்ணி உருகுபவன். அவனைக் கைதுசெய்த அதிகாரிகள் உண்மையைக் கூறுகின்றனர்: உனக்கு மனைவியுமில்லை, மகளுமில்லை, அந்நினைவுகள் பிறர் உன் மூளையிற் புகுத்தியவை. மகளின் படமென்று அவன் பிறருக்குக் காட்டி மகிழ்ந்த புகைப்படத்தில் அவனுடைய உருவமே இருக்கிறது. அவன் அழுகிறான். மோட்டோக்கோ கண்ணாடிக்கு அப்பால் நின்று பார்க்கிறாள். தன் நினைவுகளும் அத்தகையனவாய் இருப்பின் அதனை அறிவது எங்ஙனம் என்று அவள் வாய்திறந்து கேட்கவேண்டிய தேவையே இல்லை.

இடையே மூன்று நிமிடங்களுக்கு மேலாக எவரும் பேசாத பகுதியொன்று உண்டு. மழை, கால்வாயிற் செல்லும் படகு, கடைக் கண்ணாடிக்குள் நிற்கும் பொம்மைகள், மாடிச் சாளரத்தருகே அமர்ந்திருக்கும், அவளுடைய முகத்தையே கொண்ட இன்னொருத்தி. நகரத்தின் தோற்றம் ஹொங்கொங்கைப் பார்த்து வரையப்பட்டது. கதை அங்கே ஓரடியும் நகர்வதில்லை. ஆயினும் படத்தின் இதயம் அதுதான். கென்ஜி கவாய் அமைத்த இசையிலே பெண்குரல்கள் பழைய யப்பானிய மொழியிற் பாடுவது ஒரு திருமணப் பாடல். காரணம் இறுதியிலேதான் விளங்கும். உடலின்றிக் கணினி வலையமைப்பிலே தோன்றிய அறிவொன்று மோட்டோக்கோவுடன் ஒன்றாகக் கலக்க விரும்புகிறது, அவளும் இசைகிறாள். பழைய மோட்டோக்கோ அங்கே முடிந்துபோகிறாள். ஒரு சிறுமியின் உடலிலே புதிதாய் ஒருத்தி கண்விழிக்கிறாள். இறந்தகாலத்தை இழப்பது இழப்புத்தானா என்பதே படத்தின் வினா.

2017இல் ரூபட் சாண்டர்ஸ் இதனை ஹொலிவூட்டிற்காக எடுத்தார். ஸ்கார்லெட் ஜொஹான்சன் நாயகி. செலவு ஏறக்குறைய 11 கோடி டொலர். ஓடு எவ்வளவு கவனமாகப் பேணப்பட்டது என்பதைச் சொல்லியே ஆகவேண்டும். இயந்திர உடல் உருவாகும் தொடக்கம், உயர்ந்த மாளிகையின் உச்சியிலிருந்து அவள் பாய்வது, ஆழமற்ற நீரில் நிகழும் சண்டை, பீரங்கி வண்டியின் மூடியைப் பிடுங்க முயன்று அவளுடைய கையே பிய்ந்துபோவது ஆகிய அனைத்தும் மூலப் படத்தை அருகில் வைத்துக்கொண்டு எடுத்தாற் போன்றவை. கண்ணுக்கு விருந்து என்பதில் ஐயமில்லை. கவாயின் இசை மாத்திரம், படம் முடிந்து பெயர்கள் ஓடும் வேளைக்குத் தள்ளப்பட்டுவிட்டது.

ஆனால் வினா மாறிவிட்டது. இப்படத்தின் நாயகிக்கு மீரா என்று பெயர். பயங்கரவாதிகளின் தாக்குதலிலிருந்து தப்பியவள் என்று அவளுக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. உண்மையில் அவள் வீட்டைவிட்டு ஓடிய மோட்டோக்கோ என்னும் யப்பானியப் பெண். ஒரு கொம்பனி அவளைப் பிடித்து, மூளையை எடுத்து, வெள்ளையுடலிற் புகுத்தி, நினைவையும் அழித்துவிட்டது. அவள் உண்மையைக் கண்டறிகிறாள்; தாயைச் சந்திக்கிறாள்; குற்றவாளி தண்டனை பெறுகிறான். வலையமைப்பில் ஒன்றாகக் கலக்கும் அழைப்பு வந்தபோது மறுத்துவிட்டுத் தன் பணிக்குத் திரும்புகிறாள். 'நான் என்பது யாது' என்று கேட்ட கதை, 'என்னுடையதைத் திருடியவன் யார்' என்று கேட்கும் கதையாகிவிட்டது. பின்னையது எளிதில் விடை காணக்கூடிய வினா. ஆதலாற்போலும் பெருமுதல் இட்டோர்க்கு அது உகந்ததாயிற்று.

யப்பானியப் பெயருடைய நாயகியாக வெள்ளையரான நடிகை தோன்றியது பெருங் கண்டனத்துக்கு உள்ளாயிற்று. உடலே வெறும் ஓடுதான், அதற்கு இனம் ஏது என்று ஒஷீ படத்தை ஆதரித்துப் பேசினார். மூலப் படத்தின் தத்துவத்தை மாத்திரம் நோக்கினால் அவர் கூற்றுச் சரியே. ஆயின் அமெரிக்காவில் வாழும் ஆசிய வழியினரான நடிகர்களுக்கு இது தத்துவமன்று, பிழைப்பு. தம்மைப் போன்ற முகமுடைய பாத்திரங்களே அரிதாயுள்ள இடத்தில், இருக்கும் ஒன்றும் கைமாறிப்போவதை அவர்கள் எங்ஙனம் பொறுப்பர்? இதிலே விந்தையான முரண் ஒன்றுண்டு. யப்பானியப் பெண்ணின் உயிரை எடுத்து வெள்ளையுடலில் அடைத்தல் கொடுமை என்று படமே கூறுகிறது. படத்தை எடுத்தவர்கள் செய்ததும் அதுவேயன்றோ! தக்கேஷி கித்தானோ தமக்குரிய வசனங்களையெல்லாம் யப்பானிய மொழியிலேயே பேசுகிறார்; தாயாக வரும் கவோரி மொமோயின் காட்சிகள் நெஞ்சைத் தொடுவன. அவ்விருவரும் தோன்றும் வேளைகளிலேதான் படம் வேறெவ்வாறு அமைந்திருக்கலாம் என்பது தெரிகிறது. படம் உலகெங்கும் ஏறத்தாழ 17 கோடி டொலர் ஈட்டியது. படமாளிகைகளின் பங்கையும் விளம்பரச் செலவையும் கழித்தால் அது நட்டமே.

சித்திரத்துக்கென்று ஓர் இயல்பு உண்டு. அதனையும் இங்கு குறிப்பிடவேண்டும். அனிமேயில் வரையப்படும் முகத்திற் கோடுகள் சில. ஒஷீயின் மோட்டோக்கோ கண்ணிமைப்பதே அரிது. அவ்வெறுமையைப் பார்ப்போர் தம் உணர்வால் நிரப்பிக்கொள்கின்றனர். வானொலி கேட்கும் உங்களுக்கு இது புதிதன்று. என் குரலுக்கு ஏதோவொரு முகத்தை நீங்களே கற்பித்திருப்பீர்கள். என்னை நேரிற் கண்டால் ஏமாற்றமடையவும் கூடும். நடிகையின் முகத்திலோ வெற்றிடம் இல்லை. அங்கே எல்லாம் நிரம்பியுள்ளது.

இந்த இடர்ப்பாட்டைத் துணிவோடு எதிர்கொண்ட படமும் உண்டு. யுக்கிட்டோ கிஷிரோவின் சித்திரக் கதையை ஒட்டி, ஜேம்ஸ் கமரன் தயாரிக்க, றொபேட் றொட்றிகேஸ் இயக்கி 2019இல் வெளிவந்த 'அலிற்றா' அது. கமரன் இக்கதையைக் கையிலெடுத்துப் படம் வெளிவர ஏறக்குறைய இருபது ஆண்டுகள் சென்றன. றோசா சலசாரின் நடிப்பைக் கருவிகளாற் பதிந்து, அதன்மேற் கணினியால் வரைந்த முகத்தை அமைத்தனர். கண்கள் சித்திரக் கதையில் உள்ளவாறே பெரியவை. முன்னோட்டத்தைக் கண்டு பலர் நகைத்தனர். அதன்பின் அவர்கள் கண்ணைச் சிறிதாக்கவில்லை. கருவிழியை இன்னும் பெரிதாக்கினர். கதை பாதியில் நிற்பது குறையே. எனினும் அந்த முகம் சித்திரமாகவும் மனிதராகவும் ஒருங்கே நிற்கிறது. 40 கோடி டொலர் அளவில் அப்படம் ஈட்டியது.

இனி, எடுக்கப்படாத படம் ஒன்று. கட்சுஹிரோ ஒட்டோமோவின் 'அகிரா' 1988இல் வெளிவந்த அனிமே. தோக்கியோ நகரம் ஒரே வெடிப்பில் அழிவதோடு தொடங்குவது. வோணர் பிறதர்ஸ் நிறுவனம் 2002இல் அதன் உரிமையைப் பெற்றது. இயக்குநர்கள் மாறினர், திரைக்கதைகள் மாறின. கதையை நியூயோர்க்கின் மன்ஹற்றனுக்கு இடம்பெயர்க்கும் யோசனையும் இருந்தது. அணுகுண்டால் இரு நகரங்களை இழந்த நாடொன்றின் கனவை, குண்டை வீசிய நாட்டின் நகருக்கு இடம்பெயர்த்தால் அதில் எஞ்சுவது யாது? அத்திட்டமும் கைவிடப்பட்டது. 2021 மே 21ஆந் திகதி படம் வெளிவரும் என்று 2019இல் அறிவித்தனர். அதே ஆண்டிலேயே படப்பிடிப்பு ஒத்திவைக்கப்பட்டது. குறித்த நாள் வந்துபோயிற்று, படம் வரவில்லை.