வாயுவா, மாரடைப்பா? வீட்டில் தீர்ப்பு எழுத வேண்டாம்

(நம் சங்கக் கூட்டத்தில் பேசியது)

நான் டாக்டர் இல்லை. முப்பது வருஷத்துக்கு மேல் வங்கியில் கணக்கு எழுதியவன். பட்டதைச் சொல்கிறேன்.

போன தை மாதம் ஒரு கல்யாண விருந்து. அன்று இரவு இரண்டு மணிக்கு நெஞ்சுக்குழியில் பிடித்துக்கொண்டது. வேர்வை, வாந்தி, வலது தோள்பட்டை வரை வலி. மாரடைப்பு என்றே நினைத்தேன். என் மனைவி உடனே 108-ஐ அழைத்தார். மருத்துவமனையில் ஈசிஜி சரியாக இருந்தது. சில மணி நேர இடைவெளியில் இரண்டு முறை டிரோபோனின் ரத்தப் பரிசோதனை, அதிலும் ஒன்றுமில்லை. வயிற்று ஸ்கேனில்தான் தெரிந்தது, பித்தப்பைக் கல்.

இப்படி ஏமாற்றும் நோய்கள் இன்னும் உண்டு. கணைய அழற்சி வலி மேல்வயிற்றில் தொடங்கி முதுகுக்குப் பாயும். முன்னால் குனிந்து உட்கார்ந்தால் சற்றுக் குறையலாம். குடல்புண் ஓட்டையானால் கத்தியால் குத்தியதுபோல் திடீரென வலிக்கும். வயிறு பலகைபோல் இறுகும். மூட்டுவலிக்கு நெடுநாள் மாத்திரை சாப்பிடுபவர்கள் இதைக் கவனியுங்கள். 'நெஞ்சு இல்லை, வயிறுதானே' என்று இருந்துவிட முடியாது. இவையும் உயிருக்கு ஆபத்தானவை.

எதிர்ப்பக்கமும் உண்டு. என்னோடு வேலை பார்த்த ஒருவர், 'வாயுதான்' என்று சோடா குடித்துவிட்டுப் படுத்தார். காலையில் எழுந்திருக்கவில்லை. இதயத்தின் கீழ்ப்பகுதியில் வரும் மாரடைப்பு மேல்வயிற்று வலியாகவே தெரியலாம். சர்க்கரை நோயாளிகள், பெண்கள், வயதானவர்களுக்கு நெஞ்சுவலி இல்லாமலும் மாரடைப்பு வரலாம்.

வங்கியில் ஒரு ரூபாய் இடித்தாலும் நாங்கள் கணக்கை மூடமாட்டோம். நீங்களும் ஊகத்தில் மூடாதீர்கள். கடும் வலி வந்தால் 108-ஐ அழையுங்கள். நீங்களே வண்டி ஓட்டிப் போகாதீர்கள். எதையும் சாப்பிடவோ குடிக்கவோ வேண்டாம். ஆஸ்பிரினையும் கேட்காமல் போடாதீர்கள். மாரடைப்புக்கு உதவும் அதே மாத்திரை, புண் ஓட்டையாகியிருந்தால் கெடுதல் செய்யும். தினமும் சாப்பிடும் மருந்துகளின் பட்டியலைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். ஒருவர் கேட்டில் நின்று ஆம்புலன்ஸுக்கு வழி காட்டட்டும். இன்னொருவர் லிஃப்டைப் பிடித்து வைக்கட்டும்.

அன்று ஈசிஜி சரி என்றதும், 'வீணாக எல்லோரையும் எழுப்பிவிட்டோமே' என்று கூச்சப்பட்டேன். பக்கத்து வீட்டுக்காரர் உட்பட யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. நீங்களும் தயங்காமல் எழுப்புங்கள்.