கைம்பெண்ணின் பங்கு



கணவன் மறைந்த துயர் ஆறுமுன்னரே, மனைவியிடம் விடுதலைப் பத்திரத்திற்குக் கையொப்பம் கேட்கும் கொடுமையை யாம் மூலக்கொத்தளத்தில் கண்டு வருந்துகிறோம்.

1937-ஆம் ஆண்டுச் சட்டம் இந்துக் கைம்பெண்ணுக்கு அளித்தது ஆயுட்கால அனுபவமே. அதனை முழுவுரிமையாக்கியது 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம். உயிலெழுதாது இறந்தவன் தானே தேடிய பொருளில் மனைவி, மகன், மகள், தாய் ஒவ்வொருவர்க்கும் சமபங்குண்டு. இவர்களுள் ஒருவர் இருப்பினும் அவன் உடன்பிறந்தார்க்குப் பங்கில்லை. மணவிலக்குத் தீர்ப்புப் பெற்றவளுக்கு இவ்வுரிமை இல்லை. தீர்ப்பின்றிப் பிரிந்து வாழ்ந்தவளுக்கோ உண்டு.

ஆதலின், கருமம் முடியுமுன் எப்பத்திரத்திலும் கையொப்பம் இடற்க. வாரிசுச் சான்று பெற்று, பத்திரத்தைப் பிறரைக்கொண்டேனும் படித்துணர்ந்து, பின்னரே முடிவு செய்க. அவள் பங்கு நாம் இடும் பிச்சையன்று, அவளுடைய பொருளேயாம்.