ஊருக்கு வான்வழி எவ்வளவு?

தலைநகர் தில்லியில் வாழும் நம்மவரிடம், சென்னை எவ்வளவு தூரம் என்று கேட்டால், “இரண்டு இரவு இரயில் பயணம்” என்பர். தூரத்தைக் காலத்தால் அளப்பது நமக்குப் பழக்கமாகிவிட்டது. இருப்புப்பாதையின் கணக்கு ஏறத்தாழ 2,180 கிலோமீட்டர். போபால், நாகபுரி, விஜயவாடா என்று ஊர்களைத் தொட்டு வளைந்து செல்லும் வழி அது. வளையாது பறந்தால் எவ்வளவு? இதனை நாமே கணக்கிட்டுப் பார்க்கலாம். தாளும் எழுதுகோலும் போதும்.

தில்லியின் அட்சரேகை வடக்கே 28.6 பாகை, சென்னையினது 13.1 பாகை. வேற்றுமை 15.5 பாகை. தென்வடலாக ஒரு பாகைக்கு 111 கிலோமீட்டர் என்று கொண்டால், 1,720 கிலோமீட்டர் ஆகிறது. இனித் தீர்க்கரேகை. தில்லி கிழக்கே 77.2, சென்னை 80.3. வேற்றுமை 3.1 பாகை. தீர்க்கரேகைகள் துருவத்தை நோக்கிச் செல்லச் செல்ல நெருங்குவதால், இவ்விரு நகரங்களுக்கும் இடைப்பட்ட பகுதியில் ஒரு பாகைக்கு 104 கிலோமீட்டரே உண்டு. ஆகவே கிழமேலாக 322 கிலோமீட்டர். இவ்விரண்டும் ஒரு செங்கோண முக்கோணத்தின் இரு பக்கங்கள்; நாம் தேடும் தூரம் அதன் கர்ணம். இரண்டின் வர்க்கங்களையும் கூட்டி வர்க்கமூலம் காண, விடை ஏறத்தாழ 1,750 கிலோமீட்டர். இரயில் வழியினும் 430 கிலோமீட்டர் குறைவு!

அந்த 111 என்னும் எண் எளிதில் கிடைத்ததன்று. பாகையின் நீளத்தை நம் நாட்டு மண்ணிலேயே அளந்தறிய, 1802-ஆம் ஆண்டில் லாம்டன் என்னும் ஆங்கிலேயர் அடிக்கோடு ஒன்றைச் சங்கிலி கொண்டு அளந்தார். அளந்த இடம், இன்றைய சென்னை விமான நிலையத்தை அடுத்துள்ள பரங்கிமலைப் பகுதி. அளந்துகொண்டே வடக்கு நோக்கிச் சென்ற அவர், 1823-இல் ஹிங்கன்காட் என்னும் ஊரில் காலமானார். தில்லிக்கும் சென்னைக்கும் செல்லும் இரயில்களில் நம்மிற் பலர் அவ்வூரைக் கடந்திருப்போம்.

நம் முக்கோணக் கணக்கு நாட்டின் எல்லைக்குள் போதுமானது. கடல் கடந்த நெடுந்தூரத்துக்கு அது பொருந்தாது. பூமி உருண்டையன்றோ? உலக உருண்டையின்மீது இரு நகரங்களுக்கிடையே நூலொன்றை இறுகப் பிடித்தால், அது காட்டும் பெருவட்ட வழியே மிகக் குறுகியது. மேலும், விமானம் பறக்கும் வழி கணக்கினும் சற்று மிகும். உயரம் இதற்குப் பெரிய காரணமன்று. பத்துக் கிலோமீட்டர் உயரத்தில் பறப்பதால் இத்தூரத்துக்கு மூன்று கிலோமீட்டர்கூட மிகாது. வகுக்கப்பட்ட வான்பாதைகளில் செல்வதும், காற்றின் திசை நோக்கி ஓடுபாதையில் இறங்குவதும், முறைக்காக வானில் வட்டமிடுவதுமே காரணங்கள்.

இக்கணக்கால் வாழ்க்கைக்குப் பயன் உண்டா? உண்டு. நாகர்கோவிலிலிருந்து, பெற்றோருக்கு உடல்நலம் இல்லை என்று செய்தி வருகிறது என்போம். தமிழகம் என்றதும் தில்லியில் இருப்பவர் சென்னைக்கே பயணச்சீட்டு வாங்க எண்ணுவார். சென்னையில் இறங்கினால், அப்பால் சாலைவழி ஏறத்தாழ 700 கிலோமீட்டர் எஞ்சும். ஓர் இரவு கழிந்துவிடும். திருவனந்தபுரத்தின் அட்சரேகை 8.5, தீர்க்கரேகை ஏறக்குறைய தில்லியினதே. ஆகவே அந்நகருக்கு வான்வழி சுமார் 2,230 கிலோமீட்டர். சென்னையினும் 480 கிலோமீட்டர் மிகுதிதான். விமானத்துக்கு அது ஒரு மணி நேரமும் ஆகாது. அங்கிருந்து நாகர்கோவிலுக்குச் சாலைவழி ஏறத்தாழ 70 கிலோமீட்டரே.

செய்தி வந்தபின், கலங்கிய மனத்தோடு இதனை ஆராய்வது கடினம். ஓய்வுள்ள ஒரு மாலையில், குழந்தைகளையும் அருகில் அமர்த்தி, நிலப்படத்தை விரித்து, நம் ஊருக்கு அண்மையிலுள்ள விமான நிலையம் எது, அதற்கு வான்வழி எவ்வளவு, இறங்கியபின் சாலைவழி எவ்வளவு என்று குறித்து வைத்துக்கொள்வோம்.