வெள்ளைக் கோடு உயிர் காக்குமா?



இருதடச் சாலையை விரைவு நெடுஞ்சாலையாக மாற்றுவதால் யாருக்கு என்ன பயன்? இதுதான் இன்றைய கேள்வி. நேரம் மிச்சமாகும் என்பது பலரும் சொல்லும் பதில். வியாபாரம் பெருகும், நில விலை உயரும் என்பார்கள் இன்னும் சிலர். இவையெல்லாம் உண்மைதான். ஆனால், இவற்றுக்கெல்லாம் முன்னால் நிற்க வேண்டிய பதில் ஒன்று உண்டு. அது மனித உயிர்.

இருதடச் சாலை என்பது என்ன? போவதற்கு ஒரு தடம், வருவதற்கு ஒரு தடம், நடுவில் வெள்ளைச் சாயத்தால் போட்ட ஒரு கோடு. பெருநாள் விடுமுறையில் குவா மூசாங் வழியாகக் கோத்தா பாரு போய் வந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. முன்னால் செம்பனைக் குலைகளை ஏற்றிய லாரி ஊர்ந்து போகும். பின்னால் பத்துப் பதினைந்து கார்கள் வரிசை பிடிக்கும். பொறுமை இழந்த ஒருவர் எதிர்த் தடத்தில் ஏறி முந்தப் பார்ப்பார். மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு வாகனங்கள் எதிரெதிரே வந்தால், அவற்றுக்கு இடையிலான தூரம் ஒரு வினாடிக்கு 50 மீட்டர் வீதம் குறைகிறது. அங்கே வெள்ளைக் கோடு எதைத் தடுத்து நிறுத்தும்?

இந்தக் கேள்விக்கு மிகப் பெரிய விலை கொடுத்துப் பதில் கண்ட சாலை ஒன்று ஆஸ்திரேலியாவில் இருக்கிறது. சிட்னியையும் பிரிஸ்பேனையும் கிழக்குக் கடலோரமாக இணைக்கும் பசிபிக் நெடுஞ்சாலை அது. பெயர்தான் நெடுஞ்சாலை. 1980களில் அதன் பெரும்பகுதி சாதாரண இருதடச் சாலையாகவே இருந்தது. நீண்ட தூர லாரிகளும், இரவுப் பேருந்துகளும், விடுமுறைக்குப் போகும் குடும்பங்களும் அந்த ஒரே தடத்தைத்தான் பகிர்ந்துகொண்டன.

1989 அக்டோபர் 20ஆம் தேதி அதிகாலை, கிராஃப்டன் நகருக்கு அருகே கௌப்பர் என்ற இடத்தில் ஒரு கனரக லாரி எதிர்த் தடத்துக்குள் புகுந்து பயணிகள் பேருந்தின் மீது மோதியது. 21 பேர் மாண்டனர். அந்த அதிர்ச்சி அடங்குவதற்குள், சரியாக ஒன்பது வாரம் கழித்து, டிசம்பர் 22ஆம் தேதி அதிகாலை, கெம்ப்சி நகருக்கு வடக்கே கிளைபக்கா என்ற இடத்தில் இரண்டு பேருந்துகள் நேருக்கு நேர் மோதின. ஒன்று சிட்னிக்குப் போனது. மற்றொன்று சிட்னியிலிருந்து வந்தது. கிறிஸ்துமஸுக்கு மூன்றே நாள் இருந்ததால் இரண்டிலும் பயணிகள் நிறைந்திருந்தார்கள். 35 பேர் உயிரிழந்தனர். 41 பேர் காயமடைந்தனர்.

இரண்டு விபத்துகளிலும் ஓட்டுநரின் களைப்பு, மருந்து, தூக்கம் என்று காரணங்கள் பேசப்பட்டன. அவை முக்கியமான காரணங்கள்தாம். ஆனால், மரண விசாரணை அதற்கு மேலும் ஒரு படி போனது. இந்தச் சாலையில் போகும் வாகனங்களையும் வரும் வாகனங்களையும் தனித்தனிச் சாலையாகப் பிரிக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. ஓட்டுநர் ஒரு நொடி கண்ணயர்ந்தால் அவர் சாலையோரப் புல்லில் போய் நிற்கலாம். எதிரே வரும் 40 பேரின் மீது போய் மோதக்கூடாது. அந்தப் பரிந்துரையின் பொருள் இதுதான்.

அதன் பிறகு என்ன நடந்தது? மத்திய அரசும் நியூ சவுத் வேல்ஸ் மாநில அரசும் செலவைப் பகிர்ந்துகொண்டு 1996இல் மேம்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கின. நியூகாசலுக்கு அருகிலுள்ள ஹெக்சம் முதல் குயின்ஸ்லாந்து எல்லை வரை மொத்தம் 657 கிலோமீட்டர். ஆங்காங்கே ஆறுகள், வெள்ளச் சமவெளிகள், கால் வைத்தால் புதையும் மண். சில இடங்களில் மண்ணைக் கொட்டி, அது அழுந்தி இறுகும்வரை மாதக் கணக்கில் காத்திருந்துதான் மேலே சாலை போட முடியும். கெம்ப்சியில் மக்லே ஆற்றையும் அதன் வெள்ளச் சமவெளியையும் தாண்ட 3.2 கிலோமீட்டர் நீளப் பாலம் கட்டி 2013இல் திறந்தார்கள். கடைசிப் பெரும் பகுதி, வுல்கூல்காவிலிருந்து பாலினா வரை 155 கிலோமீட்டர். அது 2020 டிசம்பரில் முடிந்தது. மொத்தச் செலவு சுமார் 1,500 கோடி ஆஸ்திரேலிய டாலர். இத்தனைக்கும் இந்த 657 கிலோமீட்டரில் டோல் கிடையாது.

கிடைத்தது என்ன? பயண நேரம் சுமார் இரண்டரை மணி குறைந்தது. அதைவிட முக்கியமாக, திட்டம் தொடங்குவதற்கு முன் ஆண்டுக்கு 40க்கும் மேல் இருந்த உயிர்ச்சேத விபத்துகளின் எண்ணிக்கை பாதிக்கும் கீழே இறங்கியது.

சரி, மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். இந்த மேடையில் எதிரணியினர் வைத்த வாதங்களில் நியாயம் இல்லாமல் இல்லை.

முதல் வாதம், ஊர்கள் செத்துவிடும் என்பது. நெடுஞ்சாலை ஊருக்குள் புகுந்து போகும்போது சாப்பாட்டுக் கடைக்கும் எண்ணெய் நிலையத்துக்கும் வியாபாரம் தானாக வரும். புறவழிச்சாலை வந்தால் அந்த வியாபாரம் ஒரே நாளில் விலகிப் போகும். வடக்கு-தெற்கு நெடுஞ்சாலை 1994இல் முழுமையடைந்தபோது பழைய சாலையோர ஊர்களுக்கு நேர்ந்ததும் இதுதான். ஆனாலும் பீடோர் பிழைத்துக்கொண்டது. கொய்யாவும் வாத்து மீயும் தேடி மக்கள் நெடுஞ்சாலையிலிருந்து இறங்கி அந்த ஊருக்குப் போகிறார்கள். தனக்கென்று ஒரு பெயர் இருக்கும் ஊர் தாக்குப்பிடிக்கிறது. அந்தப் பெயர் இல்லாத ஊருக்குச் சாலை திறப்பதற்கு முன்பே உதவி தேவை. இதைத் திட்டத்தின் ஒரு பகுதியாகவே எழுதி வைக்க வேண்டும்.

அதே நேரத்தில், நெடுஞ்சாலை ஊருக்குள் போவதன் விலையையும் மறக்கக் கூடாது. பசிபிக் நெடுஞ்சாலையில் உல்மாரா என்ற சிற்றூர் இருக்கிறது. அங்கே வளைவில் திரும்ப முடியாத லாரிகள் சாலையோர வீடுகளின் மீதே போய் மோதியிருக்கின்றன. அங்கே வீட்டு வரவேற்பறையில் உட்கார்ந்திருப்பவருக்கும் சாலை விபத்து பயம் இருந்தது. 2020இல் புதிய சாலை வந்த பிறகுதான் லாரிகள் அந்த ஊரை விட்டு விலகின.

இரண்டாவது வாதம், நல்ல சாலை போட்டால் வேகம் கூடும், விபத்தும் கூடும் என்பது. 2007 ஆகஸ்டில் பேராக், புக்கிட் கந்தாங் அருகே ஒரு விரைவுப் பேருந்து கவிழ்ந்து 20 பேருக்குக் குறையாமல் மாண்டார்கள். அது நடந்தது வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில்தான். ஆக, சாலை மட்டும் எல்லாரையும் காப்பாற்றிவிடாது. ஓட்டுநருக்கு ஓய்வு வேண்டும், வேகத்துக்குக் கட்டுப்பாடு வேண்டும், இருக்கை வார் வேண்டும். 2025 ஜூனில் கெரிக் அருகே பல்கலைக்கழக மாணவர்கள் 15 பேரைப் பறிகொடுத்த பிறகு, ஜூலை முதல் தேதியிலிருந்து மலேசியாவில் விரைவுப் பேருந்துப் பயணிகள் இருக்கை வார் அணிவது கட்டாயமாக்கப்பட்டது. இவையெல்லாம் சாலையோடு சேர்ந்து செய்ய வேண்டியவை. சாலைக்குப் பதிலாகச் செய்ய வேண்டியவை என்று யாரும் சொல்ல முடியாது.

நேயர்களே, பசிபிக் நெடுஞ்சாலையில் மனத்தை உறுத்தும் கணக்கு ஒன்று இருக்கிறது. 35 பேர் மாண்ட கிளைபக்கா பகுதிக்குப் பிரிக்கப்பட்ட சாலை வந்தது 2016இல். 21 பேர் மாண்ட கௌப்பருக்கு வந்தது 2020இல். எந்த மரணங்களைக் காட்டித் திட்டம் கேட்கப்பட்டதோ, அந்த இடங்களே 26 ஆண்டுகளும் 30 ஆண்டுகளும் காத்திருந்தன. அதுவரை அங்கே நடுவில் இருந்தது பெரும்பாலும் அதே சாயக் கோடுதான்.

இவ்வளவு காலம் காத்திருக்கத்தான் வேண்டுமா? சுவீடன் நாட்டவர் 1998இல் வேறொரு வழியை முயன்று பார்த்தார்கள். இருக்கும் சாலையையே மூன்று தடமாகப் பிரித்து, நடுவில் எஃகு வடத்தாலான தடுப்பைப் போட்டார்கள். முந்துவதற்கான கூடுதல் தடம் சில கிலோமீட்டருக்கு இந்தப் பக்கம், சில கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் என்று மாறி மாறி வரும். புதிய நிலம் அதிகம் தேவையில்லை. செலவும் விரைவு நெடுஞ்சாலையை விட மிகக் குறைவு. அப்படி மாற்றிய சாலைகளில் உயிரிழப்பு சுமார் முக்கால் பங்கு குறைந்தது. உயிரைக் காப்பதில் பெரும்பங்கு தடங்களின் எண்ணிக்கைக்கு இல்லை, நடுவில் நிற்கும் தடுப்புக்குத்தான் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

மலேசியாவுக்கு இந்தப் பாடம் மிகவும் பொருந்தும். சரவாக்கில் தெலோக் மெலானோ முதல் மிரி வரை 786 கிலோமீட்டருக்கு பான் போர்னியோ நெடுஞ்சாலையை டோல் இல்லாத நான்குதடச் சாலையாக்கும் பணி 2015இல் தொடங்கப்பட்டது. பெரிய முயற்சி, பாராட்ட வேண்டிய முயற்சி. ஆனால், நான்கு தடம் போட்டுவிட்டாலே விரைவு நெடுஞ்சாலை ஆகிவிடாது. அதில் பல இடங்களில் குறுக்குச் சந்திப்புகளும், எதிர்ப்பக்கம் செல்லத் திரும்பும் இடங்களும் இருக்கின்றன. நேருக்கு நேர் மோதும் ஆபத்து குறைந்தாலும், குறுக்கே திரும்பும் வாகனத்தின் மீது மோதும் ஆபத்து அங்கே காத்திருக்கிறது. மேம்பாலச் சந்திப்புகள் வரும்வரை அந்த வேலை பாதி வேலைதான்.

ஆகவே, உங்கள் வட்டாரத்தில் சாலை மேம்பாடு என்று அறிவிப்பு வந்தால், எத்தனை கோடி, எத்தனை தடம் என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். மக்கள் பிரதிநிதியிடம் மூன்று கேள்வி கேளுங்கள். எந்த இடத்தில் அதிக உயிர் போயிருக்கிறதோ, அந்த இடத்தில் வேலை முதலில் தொடங்குமா? முழுச் சாலையும் முடியும்வரை அங்கே நடுத்தடுப்பாவது போடப்படுமா? பழைய சாலையை நம்பிப் பிழைக்கும் கடைக்காரருக்கு என்ன ஏற்பாடு?

சாலைத் திட்டத்துக்குக் கால அவகாசம் கேட்பதில் தவறில்லை. மண் இறுகவும், பாலம் எழவும் காலம் வேண்டும். ஆனால், எஃகு வடத் தடுப்பு ஒன்றைப் போட 30 ஆண்டு வேண்டியதில்லை.