ஆசாரியர் பிரபுல்ல சந்திர ராய்

(சங்க மண்டபத்தில் நிகழ்த்திய பேச்சு)



இரசாயனப் பேராசிரியர் ஒருவரைப் பற்றி இன்று பேசப் போகிறோம் என்று சொன்னபொழுது நண்பர்கள் சிலர் முகத்தைச் சற்றே சுளித்தனர். அடியார் வரலாறுகள் எத்தனையோ இருக்க, அமிலத்தோடும் காரத்தோடும் காலங்கழித்த ஒருவரின் கதை இந்த மேடைக்கு எதற்கு என்பது அவர்கள் கேள்வி. நியாயமான கேள்விதான். அதற்கு விடையை இப்பொழுதே சொல்லாமல், அம்மனிதரின் வாழ்க்கையை உங்கள்முன் வைக்கின்றோம். கேட்டபின் நீங்களே தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

பிரபுல்ல சந்திர ராய் 1861ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 2ஆந் திகதி வங்க நாட்டின் ராருலி என்னுங் கிராமத்திலே பிறந்தார். அக்கிராமம் இன்று பங்களாதேசத்தின் குல்னாப் பகுதியில் இருக்கிறது. மகாகவி தாகூர் பிறந்ததும் அதே ஆண்டிலேதான். தந்தையார் அரிச்சந்திர ராய் நிலபுலம் உடையவர். அதனினும் மேலாக, நல்ல நூல்நிலையம் ஒன்றை வீட்டிலே வைத்திருந்தவர். பையன் கல்கத்தாவிலே பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்திலே கடுமையான வயிற்றுளைவு நோய் கண்டு, படிப்பையே நிறுத்தவேண்டியதாயிற்று. இரண்டு ஆண்டளவு வீட்டிலே கிடந்தான். அந்த நூல்நிலையம் அப்பொழுது கைகொடுத்தது. ஆனால் நோய் முற்றாக விடவில்லை. ஆயுள் முழுவதும் அளவறிந்து உண்டு, அளவறிந்து உறங்கியே அவர் காலங்கழிக்க நேர்ந்தது. எண்பத்திரண்டு வயதுவரை இவர் செய்த வேலைகளை எண்ணும்போது, நல்ல உடம்பை வைத்துக்கொண்டு களைத்துப்போகும் எமக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது.

1882இல் கில்கிறைஸ்ற் புலமைப்பரிசு பெற்று எடின்பரோவுக்குச் சென்றார். அங்கே குரும் பிரவுண் என்னும் பேராசிரியரிடம் பயின்று, 1887இல் விஞ்ஞான கலாநிதிப் பட்டம் பெற்றார். ஊர் திரும்பி, 1889இல் கல்கத்தாப் பிரசிடென்சிக் கல்லூரியிலே உதவிப் பேராசிரியராக அமர்ந்தார். சம்பளம் 250 ரூபாய். அதுவும் தற்காலிக நியமனம். உயர்ந்த கல்விச் சேவைப் பதவிகள் அக்காலத்திலே வெள்ளையருக்கே என்பது எழுதாச் சட்டம். இது தகுமா என்று கல்வி அதிபதியிடம் முறையிட்டபொழுது, உமக்கு வேறு தொழில்கள் இல்லையா, இதை ஏற்கும்படி யார் வற்புறுத்தினார் என்ற கருத்திலே விடை வந்தது. அந்த வார்த்தை அவர் மனத்திலே தைத்தது. தைத்த முள்ளை அவர் எப்படிப் பயன்படுத்திக்கொண்டார் என்பதே நமது கதையின் நடுப்பகுதி.

பட்டதாரி இளைஞர்கள் எழுத்தர் வேலை தேடிக் காரியாலய வாசல்களிலே காத்துக்கிடந்ததை அவர் நாள்தோறும் கண்டார். நாட்டுக்கு வேண்டிய மருந்துகளோ கப்பலேறி வந்துகொண்டிருந்தன. 1892இல், ஏறத்தாழ 700 ரூபாய் முதலோடு, அப்பர் சர்க்குலர் வீதி 91ஆம் இலக்க வாடகை வீட்டிலே மருந்து செய்யத் தொடங்கினார். பகலிலே கல்லூரி, மாலையிலே வீட்டு அடுப்படி. இதிலே எலும்புக் கதை ஒன்றுண்டு. சோடியம் பொசுபேற்றுச் செய்வதற்கு எலும்புச் சாம்பல் வேண்டும். இறைச்சிக் கடைகளிலிருந்து எலும்பை மூட்டை மூட்டையாக வாங்கி மொட்டைமாடியிலே காயப்போட்டார். மழை வந்தது, புழு வந்தது, காகம் வந்தது, கடைசியிலே அயல்வீட்டார் வந்தனர். இந்து வீடுகள் சூழ்ந்த தெருவிலே காகங்கள் எலும்பைக் கொத்திக்கொண்டுபோய் எங்கெங்கே போட்டிருக்கும் என்று நாம் சொல்லவேண்டியதில்லை. எலும்பையெல்லாம் ஊருக்கு வெளியே கொண்டுபோய் இரவிலே சூளைவைத்து எரித்தபொழுது, யாரையோ கொன்று எரிக்கிறார்கள் என்று பொலீசாருக்குச் சந்தேகம் வந்துவிட்டதாம்!

இந்த எலும்புச் சாம்பலை அவர் வகுப்புக்கும் கொண்டுபோனார். எரிந்து வெந்தபின் இது மாட்டெலும்பும் அன்று, வேறெந்த எலும்பும் அன்று. இது கல்சியம் பொசுபேற்று, இதிலே தீட்டு எங்கே இருக்கிறது என்று கேட்டு, மாணவர் பார்த்திருக்க ஒரு சிட்டிகை எடுத்துத் தம் வாயிலே இட்டுக்கொண்டார். முதலாண்டு மாணவருக்குக் கற்பிப்பதையே அவர் பெரிதும் விரும்பினார். இறுகாத மண்ணிலேதான் பாத்திரம் வனையலாம் என்று கருதினார் போலும்.

தொழிற்சாலை சிரிப்போடு மட்டும் வளர்ந்துவிடவில்லை. இரசாயனம் கற்றுத் துணைக்கு வந்த சதீஷ் சந்திர சின்கா, கொடிய பிரசிக்கமிலத்தின் நஞ்சினால் தற்செயலாக இறந்தார். நாட்டு மூலிகைகளை மேல்நாட்டு முறையிலே மருந்தாக்கி மருத்துவரிடையே பரப்பிய நண்பர் வைத்தியர் அமூல்ய சரண் போஸ் 1898இல் கொள்ளைநோயிலே மாண்டார். இருவரையும் இழந்தபின் வேறொருவராயின் கதவைச் சாத்தியிருப்பார். ராய் சாத்தவில்லை. 1901இல் அது வங்காள இரசாயன மருந்துக் கம்பனியாகப் பதிவுபெற்றது. 1980இல் இந்திய அரசு அதனைப் பொறுப்பேற்றது, இன்றும் நடைபெறுகிறது.

ஆராய்ச்சியை இவர் கைவிட்டாரா எனில், இல்லை. முதலிலே எடுத்துக்கொண்டது எதை என்று பாருங்கள்: கடையிலே விற்கும் நெய்யிலும் கடுகெண்ணெயிலும் கலப்படம் எவ்வளவு என்பதை. 1896இல் வெளிவந்ததோ உலகப் புகழ் தந்த ஆராய்ச்சி. நீர்த்த நைத்திரிக்கமிலத்தை மிகுதியான பாதரசத்தின்மேல் குளிர்ச்சியாகவே தாக்கவிட்டபொழுது மஞ்சட் பளிங்குகள் படிந்திருந்தன. வேறேதோ உப்பென்று தள்ளிவிடாமல் சோதித்தார். மேக்கூரசு நைத்திரைற்று என்று தெரிந்தது. நிலைத்து நில்லாது என்று கருதப்பட்ட பொருள் அது.

இனி, இந்த மேடையிலே சொல்லச் சற்றுத் தயங்கிய பகுதிக்கு வருகிறோம். பிரெஞ்சு அறிஞர் பெர்த்தலோ தூண்ட, சமஸ்கிருதச் சுவடிகளைத் தேடி, இந்து இரசாயன வரலாறு என்னும் நூலை இரண்டு பாகமாக 1902இலும் 1909இலும் வெளியிட்டார். இரசரத்தின சமுச்சயம் முதலிய நூல்களிலே துத்தநாகத்தை வடித்தெடுக்கும் முறை கூறப்பட்டிருப்பதை அவர் எடுத்துக்காட்டினார். ராஜஸ்தானத்திலே சாவர் என்னுமிடத்தில் 1980களிலே அகழ்ந்தபொழுது, அவ்வாறு வடித்த மட்பாண்ட உலைகளே வரிசை வரிசையாக வெளிப்பட்டன. இவ்வளவும் கேட்க நமக்கு இனிக்கிறது. ஆனால் அவர் அங்கே நின்றுவிடவில்லை. இத்தகைய அறிவு ஏன் பட்டுப்போயிற்று என்றும் கேட்டார். கைத்தொழில் செய்வோரைத் தாழ்ந்த சாதியென்று ஒதுக்கினோம். கற்றவன் கையை அழுக்காக்கவில்லை, கையை அழுக்காக்கியவனுக்குக் கல்வி கொடுக்கவில்லை. ஆதலின் ஏன், எப்படி என்று வினவும் அறிவு நாட்டைவிட்டே போயிற்று என்பது அவர் விடை. சங்கரரின் மாயாவாதத்தின் மேலும் பழியில் ஒரு பங்கைச் சுமத்தினார். இந்தப் பிற்பகுதியை நாம் அப்படியே ஏற்கவில்லை. வேதாந்தம் தழைத்த காலத்திலேதான் இரச நூல்கள் பலவும் எழுந்தன. முற்பகுதியை மறுக்க நம்மிடம் வாதம் இல்லை. கல்கத்தாவிலும் இல்லை, நமது ஊரிலும் இல்லை. முன்வரிசையிலே இருப்போரும் பின்வரிசையிலே நிற்போரும் இதை எப்படிக் கேட்கிறீர்கள் என்று பார்த்துக்கொண்டேதான் சொல்லுகிறோம்.

அவர் சொன்னதற்குச் சாட்சி அவருடைய மாணவர்களிடையிலேயே இருந்தது. மேகநாத சாகா, டாக்காவுக்கு அண்மையிலே சிறு கடைக்காரர் ஒருவரின் மகன். கல்கத்தாவிலே ஈடன் இந்து விடுதியில் சக மாணவர் சிலர் அவரோடு ஒரே பந்தியில் உண்ண மறுத்தனர். ராயின் வகுப்பிலே அந்தப் பந்தி வேறுபாடு கிடையாது. அதே சாகாதான் 1920இல் நட்சத்திரங்களின் ஒளியைப் பகுத்தறியும் சமன்பாட்டை உலகுக்குத் தந்தார்.

1902இல் காந்தியடிகள் கல்கத்தாவிலே கோகலேயின் விருந்தினராகத் தங்கியிருந்தார். அங்கே ராயை அறிமுகஞ் செய்த கோகலே, இவருக்குச் சம்பளம் 800 ரூபாய், தமக்கென வைத்துக்கொள்வது 40 ரூபாய், மிகுதி பொதுக் காரியங்களுக்கு என்று கூறினாராம். மணஞ் செய்யவில்லை; செய்யும் எண்ணமும் இல்லை. மாலையிலே மைதானத்துப் புல்லின்மேல் மாணவரோடு அமர்ந்து பேசுவதே அவருடைய பொழுதுபோக்கு.

1916இலே பிரசிடென்சியினின்று ஓய்வுபெற்று, அசுதோஷ் முகர்சி அழைக்க, பல்கலைக்கழக விஞ்ஞானக் கல்லூரியின் முதற் பாலித் பேராசிரியரானார். 1921இலே குல்னாவிற் பஞ்சம். அடுத்த ஆண்டு செப்தெம்பரிலே வடவங்கத்திற் பெருவெள்ளம். ஆத்திரேயி ஆறு பெருகி, ராச்சாகி, போக்ரா மாவட்டங்களிலே வயலும் வீடும் மாடும் போயின. இரயிற்பாதைக்குக் கட்டிய உயர்ந்த அணைகளும் நீர் வடியவிடாமற் தடுத்தன. அரசாங்கத்தார் அசைவதற்கு முன்னே அறுபத்தொரு வயது இரசாயனப் பேராசிரியர் நிவாரணக் குழுவின் தலைமையை ஏற்றார். விஞ்ஞானக் கல்லூரியே காரியாலயமாயிற்று. சோதனைக் குழாய்கள் இருந்த கட்டடத்திலே அரிசி மூட்டையும் பழந்துணியும் குவிந்தன. மாணவர்கள் கட்டுவதும் கணக்கெழுதுவதும் ஏற்றுவதுமாக நின்றனர். சுபாஸ் சந்திர போஸ் களத்திலே நின்று வேலைசெய்தார். பணமாகவும் பொருளாகவும் ஏறத்தாழ 25 இலட்சம் ரூபாய் திரண்டது. அரிசியோடு நின்றுவிடாது மாட்டுக்குத் தீனி, விதைநெல், வீடுகட்ட மூங்கில், வேலையற்ற கைக்கு இராட்டை என்று உதவி தொடர்ந்தது. காந்தியடிகள் அவருக்கு 'வெள்ள வைத்தியர்' என்றே பெயர் வைத்தார். வெள்ளத் தடுப்புக்குத் தேக்கங்கள் கட்டலாமென நிபுணர் சிலர் கருதியபொழுது, ஐம்பதாண்டு மழைக் கணக்கை ஆராய்ந்த மகாலனோபிஸ், வேண்டியது தேக்கமன்று, நீரை விரைவாக வடியச்செய்வதே என்று 1927இல் அறிக்கை தந்தார். உண்டியல் குலுக்குவதோடு இக்காரியம் முடியாதென்பதற்கு இதுவே சான்று.

இவ்வாறெல்லாம் அலைந்திராவிட்டால் இன்னும் பெரிய இரசாயனியாகியிருப்பார் என்று சொல்வோர் உளர். இருக்கலாம். விஞ்ஞானம் காத்திருக்கும், சுயராச்சியம் காத்திராது என்று அவர் தாமே கூறினார். ஆயினும் 1924இலே இந்திய இரசாயனச் சங்கத்தை நிறுவி முதற்றலைவராக இருந்தவரும் அவரே. ஆராய்ச்சிக் கூடத்திலே தாம் இல்லாத நேரத்தையும் வீணாக்காத மாணவர்களை அவர் வைத்துவிட்டுப் போனார்; நீலரத்தின தர், ஞான சந்திர கோஷ், ஞானேந்திரநாத் முகர்சி முதலியோர். குறை சொல்வதானால், வங்க இளைஞரைச் சோம்பேறிகள், பட்டப் பித்தர்கள் என்று அவர் திட்டிய அளவு சற்று மிகையென்றே சொல்லுவோம். திட்டிய கையோடு அவர்களுக்கே கட்டணமும் கட்டினார் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

1921இலே வயது அறுபதானபோது, இனித் தமக்குரிய சம்பளத்தை வாங்குவதில்லை, அது இரசாயனப் பகுதிக்கே சேரட்டும் என்று எழுதிக் கொடுத்தார். அதன்பின் பதினைந்து ஆண்டு, 1936 வரை, சம்பளமின்றியே வேலைசெய்தார். கல்லூரிக் கட்டடத்து மாடியிலே ஓர் அறை; ஒரு கட்டில், சில நாற்காலி, நிறையப் புத்தகம். 1944ஆம் ஆண்டு யூன் மாதம் 16ஆந் திகதி அந்த அறையிலேயே காலமானார். போய்ச் சேருவதற்குக் கல்கத்தாவிலே அவருக்கு வேறு வீடு இருக்கவில்லை.